டயல் கேஜை நம்புவதற்கு முன்: மைக்ரான் மாறுபாடுகளைச் சரியாகப் பிடிக்க ஒரு முழு வழிகாட்டி

டயல் கேஜின் ஊசி ஆடினால் ஜாப்பில் (அளக்கும் பாகத்தில்) மாறுபாடு இருக்கிறது என்று புதிதாக வருகிறவர்கள் உடனே முடிவு கட்டிவிடுகிறார்கள். ஊசி ஆட எத்தனையோ காரணம் உண்டு. டயலைப் பிடித்திருக்கும் ஸ்டாண்டின் கை நெளிந்தாலும் ஆடும். காந்த அடிக்குக் கீழே ஒரு சிப்ஸ் (உலோகச் சீவல்) துணுக்கு மாட்டிக்கொண்டாலும் ஆடும். ஜாப் ஆறிக்கொண்டிருந்தால் யாரும் தொடாமலே நகரும். டயல் கேஜுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: தன் முனை எவ்வளவு நகர்ந்தது என்பது. எதனால் நகர்ந்தது என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். அதனால் இந்த வழிகாட்டியில் கணிசமான பகுதி, ஜாப்பின் மேல் முனையை வைப்பதற்கு முன்னால் செய்ய வேண்டியதைப் பற்றியது.

உதாரணத்துக்கு ஒரே வேலையைக் கடைசி வரை எடுத்துக்கொள்கிறேன். கோவைப் பக்கம் பட்டறைகளில் அன்றாடம் ஓடும் மோனோபிளாக் (பம்பும் மோட்டாரும் ஒன்றாக இணைந்த) பம்ப் மோட்டாரின் ஷாஃப்ட்டும் அதன் ஹவுசிங்கும் (பேரிங் உட்காரும் கூடும்). பேரிங் 6205 என்று வைத்துக்கொள்வோம்: உள்விட்டம் 25 மி.மீ., வெளிவிட்டம் 52 மி.மீ. ஷாஃப்ட்டில் பேரிங் ஏறும் இடத்துக்கு டிராயிங் 25 கே6 கேட்கிறது. அதாவது 25.002 முதல் 25.015 வரை. ஹவுசிங் துளை 52 எச்7, அதாவது 52.000 முதல் 52.030 வரை. ஷாஃப்ட்டுக்குக் கிடைக்கும் டாலரன்ஸ், அதாவது அனுமதிக்கும் அளவு வேறுபாடு, வெறும் 13 மைக்ரான் (ஒரு மைக்ரான் 0.001 மி.மீ.). இதை வெர்னியரில் பார்க்கவே முடியாது.

1. ஜீரோ வேண்டுமா, எண் வேண்டுமா?

டயலை எடுப்பதற்கு முன் இதை முடிவு செய்யுங்கள். டயல் வேலைகள் இரண்டு வகை.

முதல் வகையில் ஊசி அசையாமல் நிற்க வேண்டும், அவ்வளவுதான். லேத்தில் (கடைசல் இயந்திரத்தில்) ஜாப்பைப் பிடித்துச் சுற்றும் சக்கில் ஜாப்பைச் சென்டர் செய்வது, மில்லிங் மெஷினில் ஜாப்பைப் பிடிக்கும் வைஸை நேராக்குவது போன்றவை. இங்கே ஊசி 3 டிவிஷன் காட்டுகிறதா 3.4 காட்டுகிறதா என்பது முக்கியமில்லை. கடைசியில் அசைவு நின்றுவிட்டால் வேலை முடிந்தது.

இரண்டாவது வகையில் எண்ணே விடை. ரன் அவுட் (ஒரு சுற்றில் பரப்பு ஆடும் மொத்த அளவு) எவ்வளவு, விட்டம் எவ்வளவு கூடுதல் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். இங்கே டயல் நிற்கும் கோணம், ஜாப்பின் சூடு, டயலின் சொந்தப் பிழை எல்லாமே அந்த எண்ணுக்குள் நுழைந்துவிடும்.

இந்த வேறுபாடு தெரியாததால், ஜீரோ வேலைக்கு அரை நாள் செலவழித்துவிட்டு எண் வேலையை அவசரமாக முடிப்பவர்களை நிறையப் பார்க்கிறேன். உழைப்பு அப்படியே தலைகீழாகப் போக வேண்டும்.

2. வேலைக்கு ஏற்ற டயல்

பட்டறையில் பெரும்பாலும் இருப்பது பிளஞ்சர் டயல். தண்டு நேராக உள்ளே போய் வெளியே வரும். வழக்கமானதில் ஒரு டிவிஷன் 0.01 மி.மீ., ஊசி ஒரு சுற்று வந்தால் 1 மி.மீ., மொத்த ஓட்டம் 10 மி.மீ. நுணுக்கமான வகையில் ஒரு டிவிஷன் 0.001 மி.மீ., ஒரு சுற்றுக்கு 0.2 மி.மீ., ஓட்டம் 1 மி.மீ. அளவில்.

லீவர் டயல் இன்னொன்று. நிறைய இடங்களில் பப்பி டயல் என்பார்கள். சிறு கை ஒன்று பக்கவாட்டில் அசையும். குறுகலான துளைக்குள்ளும், தோளுக்கு (விட்டம் மாறும் படிக்கு) அடியிலும், வைஸ் ஜாவின் (பிடிக்கும் தாடையின்) முகத்திலும் இதுதான் போகும். 0.01 வகைக்கு ஓட்டமே 0.8 மி.மீ. அளவுதான், 0.002 வகைக்கு 0.2 மி.மீ. அதற்கு மேல் ஜாப் ஆடினால் கை முட்டிக்கொள்ளும். கரடுமுரடாக இருக்கும் ஜாப்பை முதலில் பிளஞ்சரில் பிடித்து, அருகில் கொண்டுவந்த பிறகு லீவருக்கு மாறுங்கள்.

எந்த டிவிஷன் எடுப்பது? டாலரன்ஸில் பத்தில் ஒரு பங்கையாவது டயல் காட்ட வேண்டும் என்பது பழைய பட்டறை விதி. நம் ஷாஃப்ட்டின் 13 மைக்ரானுக்கு 0.01 டயல் போட்டால் மொத்த டாலரன்ஸும் ஒன்றரை டிவிஷனுக்குள் அடங்கிவிடும். ஊசி கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று கண்ணால் யூகிக்க நேரும். அங்கே 0.001 டயல் கட்டாயம். ரன் அவுட் 0.1 வரை அனுமதி உள்ள ஓர் இம்பெல்லர் (பம்ப்பில் தண்ணீரைத் தள்ளும் சக்கரம்) முகத்துக்கு 0.01 போதும். நுணுக்கமான டயலை அங்கே போட்டால் ஊசி தறிகெட்டுச் சுற்றிக் கண்ணைக் குழப்புமே தவிரக் கூடுதலாக எதையும் சொல்லாது.

டிஜிட்டல் டயல் பற்றிக் கேட்பார்கள். எண் எழுதும் வேலைக்கு நல்லது. ஆனால் சக்கைச் சுற்றி உச்சம் எங்கே, பள்ளம் எங்கே என்று தேடும்போது ஊசிக்கு நிகர் இல்லை. எண்கள் மாறிக்கொண்டே இருக்கும்போது போக்கு பிடிபடாது. ஊசியில் போக்கு ஒரே பார்வையில் தெரியும். கற்றுக்கொள்கிறவர்கள் ஊசி டயலில்தான் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

3. தொடங்குவதற்கு முன்: சுத்தம், பிசிறு, சூடு

மேசையில் இவை இருக்கட்டும்: டயல், மேக்னடிக் ஸ்டாண்டு, சர்ஃபேஸ் பிளேட் (துல்லியமான தட்டைப் பலகை), ஒரே சோடியாக அரைத்த இரண்டு வி பிளாக் (உருளையைத் தாங்கும் V வடிவக் கட்டை), 25 மி.மீ. ஸ்லிப் கேஜ் (அளவு துல்லியமாகத் தெரிந்த எஃகுக் கட்டை), நயமான ஆயில் ஸ்டோன் (தீட்டுக் கல்), நூல் உதிராத துணி, மார்க்கர் பேனா. பனியன் வேஸ்ட் எண்ணெய் துடைக்க நல்லது, கடைசித் துடைப்புக்கு ஆகாது. அதில் உதிரும் ஒரு நூல் இழை 10 மைக்ரானுக்கு மேல் தடிமன் இருக்கும். உங்கள் டாலரன்ஸே 13. கடைசியாக ஒருமுறை வெறும் உள்ளங்கையால் பிளேட்டைத் தடவுங்கள். துணிக்குத் தெரியாத தூசி கைக்குத் தெரியும்.

அடுத்தது பிசிறு. கீவே (ஷாஃப்ட்டில் சாவிக்கட்டைக்கான பள்ளம்) விளிம்பு, தோள் மூலை, சக் ஜா பட்ட இடம் மூன்றிலும் பிசிறு நிற்கும். ஆயில் ஸ்டோனைத் தட்டையாகப் பிடித்து மெல்ல ஓட்டினால் எழும்பி நிற்பது மட்டும் போகும், பரப்பு தேயாது. இதைச் செய்யாமல் வி பிளாக்கில் வைத்தால், ஷாஃப்ட் சுற்றும்போது பிசிறு ஏறுகிற ஒவ்வொரு முறையும் ஊசி துள்ளும்.

சூட்டைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். எஃகு 1 மீட்டர் நீளத்துக்கு 1 டிகிரிக்கு ஏறக்குறைய 11.5 மைக்ரான் நீளும். லேத்தில் இருந்து அப்போதுதான் இறக்கிய 25 மி.மீ. ஷாஃப்ட், ஸ்லிப் கேஜைவிட 20 டிகிரி சூடாக இருந்தால் விட்டம் கிட்டத்தட்ட 6 மைக்ரான் கூடுதலாகத் தெரியும். டாலரன்ஸில் பாதி அங்கேயே போய்விட்டது. அலுமினிய ஹவுசிங் என்றால் நிலைமை இன்னும் மோசம். அது எஃகைப்போல் இரண்டு மடங்கு நீளும். 52 மி.மீ. துளை 10 டிகிரிக்கே 12 மைக்ரான் அளவு விரியும்.

அளவுகள் எல்லாம் 20 டிகிரி செல்சியஸில் சொல்லப்படுபவை. நம் ஊர்ப் பட்டறை கோடையில் 35-ஐத் தாண்டும், குளிர்சாதன அறை எல்லோருக்கும் இல்லை. அதற்கு ஒரு வழி உண்டு. ஜாப், ஸ்லிப் கேஜ் இரண்டும் எஃகாக இருந்து, இரண்டும் ஒரே பிளேட்டின் மேல் ஒரு மணி நேரமாவது கிடந்து ஒரே சூட்டுக்கு வந்துவிட்டால், இரண்டும் ஒரே அளவுதான் நீண்டிருக்கும். ஒப்பிடும்போது பிழை கழிந்துவிடும். அறை 35 டிகிரி என்பது அப்போது பெரிய விஷயமில்லை, ஒன்று சூடாகவும் இன்னொன்று குளிர்ந்தும் இருப்பதுதான் ஆபத்து. இதே காரணத்துக்காக ஸ்லிப் கேஜை உள்ளங்கையில் மூடிப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருக்காதீர்கள்.

4. ஸ்டாண்டு நிற்கிறதா?

தவறான ரீடிங்குகளில் பெரும்பங்கு டயலால் வருவதில்லை, ஸ்டாண்டால் வருகிறது. இந்தப் பகுதிக்கு நேரம் கொடுங்கள்.

காந்த அடியை மெஷின் செய்த, பெயின்ட் இல்லாத பரப்பில் வையுங்கள். பெயின்ட்டின் மேலும் அது ஒட்டும், அதனால்தான் ஏமாந்துபோகிறார்கள். பெயின்ட் மெத்தைபோல் அமுங்கிக் கொடுக்கும். அடியைத் துடைத்து, பரப்பைத் துடைத்து, வைத்த பிறகு குமிழைத் திருப்பிக் காந்தத்தைப் போட்டு, கையால் அசைத்துப் பாருங்கள். காந்தத்தை முதலிலேயே போட்டுவிட்டு வைத்தால் வழியில் இருக்கும் இரும்புத் துகளை எல்லாம் இழுத்துத் தன் அடியில் வைத்துக்கொள்ளும்.

ஸ்டாண்டின் கையை எவ்வளவு குட்டையாக வைக்க முடியுமோ அவ்வளவு குட்டையாக வையுங்கள். ஒரு முனையில் மட்டும் பிடித்திருக்கும் கம்பியின் நீளம் இரண்டு மடங்கானால், அதே விசைக்கு அது எட்டு மடங்கு வளையும். எட்டவில்லை என்று கையை நீட்டுவதைவிட, அடியை நகர்த்திக் கிட்டே கொண்டுவருவது எப்போதும் மேல்.

திருகுகளை இறுக்கும் வரிசையும் முக்கியம். முதலில் அடி, பிறகு தூண், பிறகு கை, கடைசியாக டயல் பிடி. ஒரே குமிழில் எல்லா மூட்டும் இறுகும் ஸ்டாண்டுகளில் இறுக்கும்போது கை சற்று இழுபடும். அதனால் எல்லாம் இறுகிய பிறகுதான் ஜீரோ வைக்க வேண்டும்.

இப்போது சோதனை. முனையை ஜாப்பில் தொடவிட்டு, ஸ்டாண்டின் கையை ஒரு விரலால் லேசாக அழுத்தி விடுங்கள். ஊசி நகரும், அது இயல்பு. விட்டதும் பழைய கோட்டுக்கே திரும்ப வேண்டும். தூணை, மூட்டுகளை, டயலின் உடம்பை ஒவ்வொன்றாக இப்படித் தொட்டுப் பாருங்கள். எங்கே தொட்டால் ஊசி திரும்பவில்லையோ அங்கேதான் தளர்ச்சி.

ஸ்டாண்டை எதன் மேல் வைக்கிறோம் என்பதும் ஒரு கேள்வி. லேத்தில் ஜாப் சுற்றும்போது ஸ்டாண்டு பெட் (லேத்தின் அடித்தளம்) மீதோ கேரியேஜ் (அதன் மேல் நகரும் வண்டி) மீதோ இருக்கட்டும். கிராஸ் ஸ்லைடில் (கேரியேஜின் மேல் குறுக்கே நகரும் பகுதியில்) வைத்தால் கிப் (ஸ்லைடின் தளர்ச்சியைச் சரிசெய்யும் பட்டை) தளர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஸ்டாண்டைச் சுழலும் சக்கில் ஒட்டி, டயலே சுற்றிவரும்படி கிடைமட்டமாக அளந்தால் இன்னொரு சிக்கல்: மேலே வரும்போது கை ஒரு பக்கமும் கீழே போகும்போது மறு பக்கமும் தன் எடையால் தொங்கும். அந்தத் தொங்கல் மேல், கீழ் ரீடிங்கில் அப்படியே விழும். செங்குத்தான ஸ்பிண்டிலில் டயல் ஒரே மட்டத்தில் சுற்றுவதால் இந்தத் தொல்லை இல்லை.

5. டயலையே ஒரு முறை சோதியுங்கள்

ஜாப்பைச் சந்தேகப்படுவதற்கு முன் கருவியைச் சந்தேகப்படுங்கள்.

முனை இறுக்கமாக இருக்கிறதா? டயலின் முனை ஒரு சிறு திருகில்தான் நிற்கிறது. அது பாதிச் சுற்று தளர்ந்தாலும் ரீடிங் தாறுமாறாகும். பழுது என்று ஓரம் கட்டி வைத்த டயல்களில் பலவற்றுக்கு இந்த ஒரு இறுக்கம்தான் மருந்து.

பிளஞ்சர் வழுவழுப்பாக ஓடுகிறதா? டயலின் 8 மி.மீ. கழுத்தைப் பிடியில் அளவுக்கு மேல் இறுக்கினால் கழுத்துக் குழாய் நசுங்கித் தண்டைப் பிடித்துக்கொள்ளும். திருகு நேரடியாகக் கழுத்தில் குத்தும் பிடியைவிட, பிளந்த வளையம் சுற்றி அணைக்கும் பிடி நல்லது. தண்டு மெதுவாக ஓடுகிறது என்று எண்ணெய் விடாதீர்கள். எண்ணெய் தூசியைப் பிடித்து, சில வாரங்களில் தண்டு ஒட்டிக்கொள்ளும். உலர்ந்த துணியால் துடைப்பது போதும்.

கடைசியாக, ஒரு ஸ்லிப் கேஜின் மேல் முனையை வைத்து ஜீரோ செய்து, தண்டைத் தூக்கி விடுங்கள். ஐந்து முறை செய்யுங்கள். ஐந்து முறையும் ஊசி அதே இடத்தில் உட்கார வேண்டும். வேகமாக விட்டால் ஓர் இடம், மெதுவாக விட்டால் வேறு இடம் என்றால் உள்ளே உராய்வு இருக்கிறது. அந்த டயலை எண் வேலைக்கு எடுக்காதீர்கள்.

6. முனை தொடும் கோணம்

பிளஞ்சர் டயலின் தண்டு, அளக்கும் பரப்புக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். உருளையான ஜாப் என்றால் தண்டின் கோடு ஜாப்பின் மையத்தை நோக்க வேண்டும். சாய்ந்திருந்தால் உண்மையைவிட அதிகமாகக் காட்டும்.

லீவர் டயலில் விதி வேறு. அதன் கை, பரப்புக்கு இணையாகப் படுத்திருக்க வேண்டும். கை எவ்வளவு நிமிர்கிறதோ அவ்வளவு பொய் கூடும். உண்மை அளவு வேண்டுமானால் ரீடிங்கை இவற்றால் பெருக்க வேண்டும்: 10 டிகிரிக்கு 0.98, 20 டிகிரிக்கு 0.94, 30 டிகிரிக்கு 0.87, 45 டிகிரிக்கு 0.71, 60 டிகிரிக்கு 0.50. அதாவது 60 டிகிரியில் நிற்கும் டயல் 0.02 காட்டினால் ஜாப்பில் இருப்பது 0.01 மட்டும்தான். நல்ல ஜாப் குப்பைக்குப் போய்விடும். 10 டிகிரிக்குள் இருந்தால் பொருட்படுத்த வேண்டாம்.

முதல் பகுதியில் சொன்ன வேறுபாடு இங்கே உதவும். சென்டர் செய்யும்போது கோணப் பிழை பெரிதல்ல. ஊசி அசையவில்லை என்றால் 0.5-ஆல் பெருக்கினாலும் அது பூஜ்யமே. இடம் இல்லாத மூலையில் கையை 40 டிகிரியில் நுழைத்துச் சென்டர் செய்யலாம். அதே நிலையில் ரன் அவுட் எவ்வளவு என்று எழுதித் தரக்கூடாது.

லீவர் முனை உடைந்துவிட்டால் அதே நீளமுள்ள முனையையே வாங்கிப் போடுங்கள். முகப்பில் உள்ள கோடுகள் அந்த நீளத்துக்காக வரைந்தவை. நீளமான முனை போட்டால் டயல் குறைத்துக் காட்டும்.

7. முன் அழுத்தமும் ஜீரோவும்

முனை ஜாப்பைத் தொட்ட கணத்திலேயே ஜீரோ வைத்தால், ஜாப் கொஞ்சம் உள்வாங்கும்போது முனை அந்தரத்தில் நிற்கும். ஊசி அசையாது. பள்ளம் இல்லை என்று நினைத்துவிடுவீர்கள். எனவே 0.01 பிளஞ்சரை அரைச் சுற்றிலிருந்து ஒரு சுற்று வரை உள்ளே தள்ளி வையுங்கள். லீவருக்குக் கால் சுற்று போதும். முழுச் சுற்றுகளை எண்ணும் சிறு ஊசி எந்த எண்ணில் நிற்கிறது என்றும் பார்த்து வையுங்கள். பெரிய ஊசி முழுச் சுற்று சுற்றிவந்தால் அதே இடத்தில் நிற்பதுபோல்தான் தெரியும், சிறு ஊசிதான் காட்டிக்கொடுக்கும்.

பிறகு முகப்பு வளையத்தைத் திருப்பி ஜீரோ வைத்து, வளையத் திருகை இறுக்கி, முனையைத் தூக்கி விட்டு மறுபடி பாருங்கள். ஊசி ஜீரோவுக்கு வரவில்லை என்றால் 4, 5-ஆம் பகுதிகளுக்குத் திரும்புங்கள். வேலை முடிந்ததும் தொடங்கிய இடத்துக்கே வந்து ஜீரோ மாறவில்லை என்று உறுதி செய்யுங்கள். மாறியிருந்தால் இடையில் எடுத்த எல்லா ரீடிங்கையும் அடித்துவிட்டு மீண்டும் எடுக்க வேண்டும். இதற்குக் குறுக்கு வழி இல்லை.

8. ஷாஃப்ட்டின் ரன் அவுட்

இரண்டு பேரிங் இடங்களையும் வி பிளாக்குகளில் வையுங்கள். ஷாஃப்ட் சுற்றும்போது முன்னும் பின்னும் ஓடாமல் ஒரு முனையில் தடுப்பு வேண்டும். ஷாஃப்ட் முனையின் நடுவில் உள்ள சென்டர் துளையில் ஒரு எஃகு குண்டை வைத்து, அந்தக் குண்டு தடுப்பில் முட்டும்படி செய்யுங்கள். இல்லாவிட்டால் ஷாஃப்ட் நீளவாக்கில் நகர்வதும் ரீடிங்கில் கலந்துவிடும்.

டயலை அளக்க வேண்டிய இடத்தின் உச்சியில் வைத்து, ஒரே திசையில் மெதுவாக ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். முன்னும் பின்னும் ஆட்டாதீர்கள். திசை மாறும்போது டயலின் உள்தளர்ச்சி சேர்ந்துகொள்ளும். அதிகபட்சத்திலிருந்து குறைந்தபட்சத்தைக் கழித்தால் அதுவே ரன் அவுட். உச்சம் வரும் இடத்தில் மார்க்கரால் புள்ளி வையுங்கள்.

எண்ணை எழுதியதும் நகர்ந்துவிடாதீர்கள். ஒரு சுற்றில் ஊசி எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்று எண்ணுங்கள். இதில்தான் உண்மையான செய்தி இருக்கிறது. ஒரு முறை என்றால் அந்த இடம் மையம் விலகியிருக்கிறது அல்லது ஷாஃப்ட் வளைந்திருக்கிறது. பல இடங்களில் அளந்து, உச்சப் புள்ளிகள் ஒரே வரிசையில் விழுந்து நடுவில் ரீடிங் பெரிதாக இருந்தால் வளைவு. இரண்டு முறை என்றால் அந்த இடம் நீள்வட்டம். மூன்று முறை என்றால் மூன்று மேடு, சென்டர்லெஸ் கிரைண்டிங்கிலும் (சென்டரில் பிடிக்காமல் சக்கரங்களுக்கு இடையில் அரைப்பது) மூன்று ஜா சக்கில் நசுங்கிய மெல்லிய ஜாப்பிலும் வருவது.

மூன்று மேட்டை மைக்ரோமீட்டர் காட்டாது. ஒரு மேட்டுக்கு எதிரே எப்போதும் ஒரு பள்ளம் வருவதால் எங்கே அளந்தாலும் விட்டம் ஒன்றாகவே இருக்கும். பேரிங் ஏறும், ஆனால் உள்வளையம் அந்த வடிவத்துக்கு நெளிந்து மோட்டார் சத்தம் போடும். வி பிளாக்கில் அது தெரியும். ஆனால் உருண்டை எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதை 90 டிகிரி வி பிளாக் நேராகச் சொல்லாது. அதில் உட்கார்ந்த இடத்தையே உச்சியில் அளந்தால், மூன்று மேடும் ஐந்து மேடும் இரண்டு மடங்காகத் தெரியும், ஏழு மேடு தெரியவே தெரியாது. கணக்கு அப்படி. எனவே வி பிளாக் ரீடிங்கை வைத்து வட்டத்தன்மைக்குச் சான்றிதழ் எழுதாதீர்கள். சந்தேகம் வந்தால் வட்டத்தன்மை அளக்கும் கருவிக்கு அனுப்புங்கள்.

சென்டர்களுக்கு (இரு முனைத் துளைகளிலும் நுழையும் கூம்பு முனைகளுக்கு) இடையில் வைத்தும் ரன் அவுட் பார்க்கலாம். சென்டர் துளையில் அடிபட்டிருந்தாலோ துகள் இருந்தாலோ ஷாஃப்ட் முழுவதும் ஒரே திசையில் விலகி ஓடுவதுபோல் காட்டும், அந்தத் துளையின் பக்கம் அதிகமாக. எல்லா இடத்திலும் ஒரே திசை, ஒரு முனைப் பக்கம் அதிகம் என்றால் ஷாஃப்ட்டை விட்டுவிட்டு முதலில் துளையைத் துடைத்துப் பாருங்கள்.

9. நாலு ஜா சக்கில் சென்டர் செய்வது

மெயின் சுவிட்சை அணையுங்கள், கியரை நியூட்ரலில் போடுங்கள், கையால் மட்டும் சுற்றுங்கள். டயல் தொட்டுக்கொண்டிருக்கும்போது மெஷினை ஓட்டக்கூடாது. சக் கீயைத் திருப்பியதும் உடனே கழற்றிவிடும் பழக்கம் வேண்டும்.

எதிரெதிரான ஜாக்களைச் சோடியாகப் பாருங்கள்: 1-க்கு 3, 2-க்கு 4. ஜா 1 டயலுக்கு நேரே வரும்போது ரீடிங், ஜா 3 வரும்போது ரீடிங். வித்தியாசம் 0.20 என்றால் ஜாப்பை 0.10 மட்டும் நகர்த்த வேண்டும், ஏனென்றால் மையம் விலகியிருப்பது அதில் பாதிதான். முழு வித்தியாசத்தையும் ஒரே தள்ளில் ஈடுகட்டப் பார்த்து, ஜாப்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் துரத்திக்கொண்டிருப்பது புதியவர்கள் எல்லோரிடமும் பார்ப்பது.

தாழ்ந்த பக்கத்து ஜாவைச் சற்றுத் தளர்த்திய பிறகு எதிர் ஜாவை இறுக்குங்கள். தளர்த்தாமல் இறுக்கினால் ஜாப் நகராது, நசுங்கும். ஒரு சோடி முடிந்த பிறகு அடுத்த சோடி. கடைசி இறுக்கத்துக்குப் பின் இரண்டையும் மறுபடி பாருங்கள், கொஞ்சம் நகர்ந்திருக்கும்.

சக் அருகே ஜீரோ வந்துவிட்டது, வெளி முனையில் ஆடுகிறது என்றால் ஜாப் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. அதை ஜாவால் திருத்த முடியாது. வெளி முனையில் ஊசி உச்சம் காட்டும் இடத்தில் மரச் சுத்தியலால் தட்டி நேராக்கி, மீண்டும் சக் அருகே பாருங்கள்.

10. 25 கே6 விட்டத்தை ஒப்பிட்டு அளப்பது

தட்டையான அடிமேடை உள்ள கம்பாரேட்டர் (ஒப்பிட்டு அளக்கும்) ஸ்டாண்டில் 0.001 டயலைப் பொருத்துங்கள். 25 மி.மீ. ஸ்லிப் கேஜை மேடையில் வைத்து, முன் அழுத்தம் கொடுத்து ஜீரோ. நமக்கு வேண்டியது +2 முதல் +15 டிவிஷன். முகப்பில் உள்ள இரண்டு எல்லைக் குறிகளையும் அந்த இடங்களில் நிறுத்திவிடுங்கள். பிறகு எண் படிக்க வேண்டியதில்லை, ஊசி குறிகளுக்கு நடுவில் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். நாள் முழுதும் இதே வேலை செய்பவருக்கு இது கண்களைக் காப்பாற்றும்.

ஸ்லிப்பை எடுத்துவிட்டு, தண்டைத் தூக்கி ஷாஃப்ட்டை நுழைத்துவிடுங்கள். முனைக்கு அடியில் ஷாஃப்ட்டை மெல்ல உருட்டுங்கள். ஊசி ஏறி, நின்று, திரும்பும். அந்தத் திரும்பும் இடமே விட்டம். அதற்கு முன்போ பின்போ படித்தால் குறைவான அளவு கிடைக்கும். பேரிங் இடத்தின் இரண்டு ஓரத்திலும் நடுவிலும், ஒவ்வொன்றிலும் 90 டிகிரி திருப்பி இரண்டு முறையும் பாருங்கள். ஓரங்கள் வேறுபட்டால் டேப்பர், அதாவது ஒரு பக்கம் சரிந்து மெலிந்திருக்கிறது.

சில ஜாப்புக்கு ஒரு முறை ஸ்லிப்பை மீண்டும் வைத்து ஜீரோவைச் சரிபாருங்கள். அறை சூடேறும்போது தூணும் நீளும்.

11. 52 எச்7 துளைக்குப் போர் டயல்

துளையின் உள்விட்டத்தை அளக்கும் கருவி போர் டயல். அதன் பெட்டியில் உள்ள முனைகளில் 52-க்கு உரியதைப் பொருத்தி, 52 மி.மீ. ரிங் கேஜில் (உள்விட்டம் துல்லியமாகத் தெரிந்த வளையத்தில்) ஜீரோ செய்வது சிறந்தது. ரிங் இல்லை என்றால் 50–75 மைக்ரோமீட்டரை அதன் 50 மி.மீ. ஸ்டாண்டர்டில் முதலில் சரிபார்த்து, ஸ்டாண்டில் பிடித்து, 52.000-இல் பூட்டுங்கள். மைக்ரோமீட்டரின் பிழையும் இதில் சேரும் என்பதை மனதில் வையுங்கள். இரண்டு தட்டை முகங்களுக்கு நடுவே போர் டயலை இரண்டு திசையிலும் ஆட்டி, மிகச் சிறிய அளவில் ஜீரோ வையுங்கள்.

துளைக்குள் நுழைக்கும்போது கருவியைச் சாய்த்து, அழுந்தும் வழிகாட்டிப் பக்கத்தை முதலில் உள்ளே தள்ளி, பிறகு நிமிர்த்துங்கள். வெளியே எடுக்கும்போதும் சாய்த்தே எடுங்கள். நிமிர்ந்த நிலையில் இழுத்தால் முனை துளைச் சுவரைக் கீறும்.

உள்ளே முன்னும் பின்னும் ஆட்டும்போது ஊசி கடிகார திசையில் போய்த் திரும்பும். திரும்பும் இடத்தைப் படியுங்கள். இங்கேதான் பெரிய பொறி. சாதாரண டயலில் கடிகார திசை என்றால் பெரிது. போர் டயலில் முனை உள்ளே அழுந்துவதுதான் கடிகார திசை, அதாவது துளை சிறிது. ஊசி ஜீரோவைத் தாண்டிக் கடிகார திசையில் 10 மைக்ரான் போய்த் திரும்பினால் துளை 51.990. இன்னும் கொஞ்சம் எடுக்க வேண்டும். இதைத் தலைகீழாகப் படித்து 52.010 என்று பாஸ் செய்தால் பேரிங் ஏறாது. மறுபக்கம், 52.030 இருக்கும் துளையை 51.970 என்று நினைத்து இன்னும் 30 மைக்ரான் எடுத்தால் ஹவுசிங் போச்சு. திசையில் சந்தேகம் வந்தால் விரலால் முனையை அழுத்தி ஊசி எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள், ஒரு நொடி வேலை.

வாய், நடு, அடி என மூன்று ஆழத்திலும், ஒவ்வொன்றிலும் குறைந்தது இரண்டு திசையிலும் அளந்து பாருங்கள். போரிங் பார் வளைவதால் வாய் விரிந்த துளை அடிக்கடி வரும். நடுவில் மட்டும் அளந்தால் அது தெரியாது.

12. எழுதி வைப்பது

எண்ணோடு கூட்டல் கழித்தல் குறி, அலகு, அளந்த இடம் மூன்றும் இருக்க வேண்டும். "8" என்று மட்டும் எழுதினால் 0.008-ஆ 0.08-ஆ என்று மறுநாள் உங்களுக்கே தெரியாது.

டிராயிங் ரன் அவுட் 0.02 கேட்டால் டயலின் மொத்த அசைவை அப்படியே ஒப்பிடுங்கள். மைய விலகல் 0.02 கேட்டால் மொத்த அசைவு 0.04 வரை போகலாம். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு பாஸ் ஆக வேண்டிய ஜாப்பைத் தள்ளுவதும், தள்ள வேண்டியதைப் பாஸ் செய்வதும் நடக்கிறது.

டயலின் அடையாள எண்ணையும், எந்த ஸ்லிப்பில் ஜீரோ செய்தீர்கள் என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். அடுத்த காலிப்ரேஷனில் (கருவியின் துல்லியச் சோதனையில்) அந்த டயல் தவறு என்று தெரியவந்தால், எந்தெந்த ஜாப்பைத் திரும்பவும் பார்க்க வேண்டும் என்று இந்த ஒரு வரியை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும்.